நம்பிக்கைகளும் உண்மைகளும்: மீனின் கண்ணில் பட்டது யார் கண்?

டெங்கில் தாமான் பெர்மாத்தா அடுக்குமாடியில் பிராங் பெசார், செட்ஜ்லி தோட்டங்களில் பிறந்தவர்கள் பலர் இருக்கிறார்கள். அந்தத் தோட்டங்கள் இருந்த மண்ணில்தான் இன்று புத்ராஜெயா நிற்கிறது. லொங்காங்கில் கப்பி பிடித்து ஹார்லிக்ஸ் போத்தலில் வளர்த்த தலைமுறை அது. இப்போது வரவேற்பறையில் மூன்றடிக் கண்ணாடித் தொட்டி வைத்திருக்கிறார்கள். மீன் ஆசை தோட்டத்தோடு போய்விடவில்லை, மீன் கதைகளும் போய்விடவில்லை. அவற்றில் கண் நோய்க் கதைகள் தனி ரகம்.

“வீட்டுக்கு வந்த கெடுதலை மீன் வாங்கிக்கொண்டது.”

புதுமனை புகுவிழா முடிந்த கையோடு தொட்டி வாங்குவார்கள். இரண்டாம் வாரம் மீனின் கண் வெளுக்கும், மூன்றாம் வாரம் மீன் மிதக்கும். “போகட்டும், நமக்கு வரவேண்டியது அதோடு போச்சு” என்று பாட்டி சொல்வார். அரோவானா வளர்க்கும் சீன நண்பர்களிடமும் இதே நம்பிக்கை உண்டு. யார் யாரிடம் கற்றார்களோ!

அந்த இரண்டு மூன்று வாரக் கணக்கைக் கவனித்தால் விஷயம் புரிந்துவிடும். மீன் செவுள் வழியாக அம்மோனியாவை வெளியேற்றுகிறது. அதை முதலில் நைட்ரைட்டாகவும் பிறகு தீங்கு குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றும் நுண்ணுயிர்கள் ஃபில்டரில் குடியேற நான்கிலிருந்து ஆறு வாரம் பிடிக்கும். அதற்குள் தொட்டியில் அம்மோனியா ஏறிவிடும். மீனுக்கு இமை கிடையாது; நச்சுநீர் நேராகக் கருவிழிப்படலத்தில் படும், கண் பால்போல் மங்கும். அழகுக்காக வெள்ளைப் பவளக்கல் கொட்டியிருந்தால் இன்னும் மோசம். அது தண்ணீரின் பிஎச் அளவை ஏற்றும். பிஎச் 7 இருந்த தண்ணீர் 8 ஆனால், அம்மோனியாவின் கொடிய வடிவம் ஏறத்தாழ 10 மடங்காகிவிடும். பாட்டி சொன்ன கெடுதல் உண்மையில் வந்தது. ஆனால் அது தொட்டிக்குள்ளேயே பிறந்தது. மீன் கடையில் கிடைக்கும் சொட்டுச் சோதனைப் பெட்டி அதைக் காட்டிக்கொடுக்கும். அம்மோனியா பூஜ்யத்துக்கு மேல் இருந்தால் அன்றே கால் பங்குத் தண்ணீரை மாற்றுங்கள், தீனியைக் குறையுங்கள். கண் மங்கல் பெரும்பாலும் தானே தெளியும்.

“கண் பிதுங்கினால் அது ஒரே நோய். மற்ற மீனுக்கும் ஒட்டும்.”

பிதுக்கம் ஒரு அறிகுறிதான். கண்ணுக்குப் பின்னால் நீர் கோத்து விழியை வெளியே தள்ளுகிறது. அதனால் யார் கேட்டாலும் நான் முதலில் விசாரிப்பது, ஒரு கண்ணா இரண்டு கண்ணா என்பதைத்தான். ஒரு கண் மட்டும் என்றால் பெரும்பாலும் அடிபட்டிருக்கும்: கூரான கல், வலை, சண்டைக்காரக் கூட்டாளி. இரண்டும் பிதுங்கினால் கோளாறு உடம்புக்குள் இருக்கலாம். ஏரோமோனாஸ், ஸ்ட்ரெப்டோகாக்கஸ் போன்ற பாக்டீரியாவாகவோ சிறுநீரகப் பழுதாகவோ இருக்கக்கூடும். ஒரே நாளில் பல மீன்களுக்குப் பிதுங்கினால் ஒட்டுநோய் என்று பதறும் முன் தண்ணீரைப் பாருங்கள். குழாயில் அழுத்தத்தோடு வரும் நீரில் காற்று மிகுதியாகக் கரைந்திருக்கலாம். ரப்பர் குழாயை நேராகத் தொட்டிக்குள் விட்டால், அந்தக் காற்று மீனின் கண்ணுக்குள்ளேயே குமிழியாகும். வாளியில் பிடித்து, காற்றுக்கல் போட்டு ஒரு நாள் வைத்திருந்து ஊற்றினால் இந்தத் தொல்லை இல்லை.

தண்ணீர் வெட்டு முடிந்த மறுநாள் இந்தத் தப்பு அதிகம் நடக்கும். 2020 செப்டம்பரில் ரவாங் பக்கம் சுங்கை கோங் மாசுபட்டு, கிள்ளான் பள்ளத்தாக்கில் லட்சக்கணக்கான வீடுகளில் குழாய் வறண்டது நினைவிருக்கும். தண்ணீர் திரும்பி வந்ததும் ஆசையாக அதே ரப்பர் குழாயால் தொட்டித் தண்ணீர் முழுவதையும் மாற்றினால், குழாய்நீரின் குளோரின் ஃபில்டரின் நுண்ணுயிர்களையும் சேர்த்துக் கொல்லும். பிறகு பழைய கதை முதலிலிருந்து தொடங்கும்.

இன்னொன்று. கரும் தங்கமீனுக்குக் கண் பிதுங்கியிருப்பது பரம்பரை அமைப்பு. அதற்கும் உப்புப் போட்டுக் கும்பிட்டவர் உண்டு. அவர் என் மாமா.

“மஞ்சளும் உப்பும் போதும்.”

மஞ்சள் தண்ணீரைக் கலங்கடிக்கும், அவ்வளவே. உப்பு விஷயத்தில்தான் குழப்பம். வீக்கத்துக்குப் பயன்படுவது சமையல் உப்பு அன்று. பேதி உப்பு என்று நாம் சொல்லும் எப்சம் உப்பு. 20 லிட்டருக்கு ஒரு தேக்கரண்டி, தனித் தொட்டியில், கரைத்து மெல்ல ஊற்ற வேண்டும். உப்பு ஆவியாகாது, எடுத்த தண்ணீரின் அளவுக்கு மட்டுமே திரும்பச் சேர்க்கலாம். கோத்த நீரை வடிக்க அது உதவும், கிருமியைக் கொல்லாது.

“கிளினிக்கில் கொடுத்த கேப்சூல் மிச்சம் இருக்கிறதே!”

அமோக்சிசிலினைத்தான் சொல்கிறார்கள். ஏரோமோனாஸ் இயல்பிலேயே அதற்கு அசையாது. ஃபில்டரின் நல்ல நுண்ணுயிர்களைச் சில ஆன்டிபயாட்டிக் கெடுத்துவிடும் என்பது வேறு. மனிதக் கண் சொட்டு மருந்தோ, மீன் தண்ணீருக்குள் போன நொடியே கழுவிப்போகும். பெயரும் அளவும் எழுதாமல் விற்கும் மஞ்சள் நிற மருந்துத் தூளைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. இரண்டு கண்ணும் பிதுங்கி, தீனியும் நின்றால் மீன் பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் போவதே வழி. டெங்கிலிலிருந்து செர்டாங் தூரமில்லை. புத்ரா மலேசியா பல்கலைக்கழகத்தின் கால்நடை மருத்துவப் பீடம் அங்கேதான் இருக்கிறது. கையில் வெட்டுக்காயம் இருந்தால் தொட்டிக்குள் விடாதீர்கள். மீனின் கண்ணைப் பிதுக்கும் கிருமிகளில் ஒன்றான மைக்கோபாக்டீரியம் மரினம் மனிதத் தோலிலும் மாதக்கணக்கில் ஆறாத புண்ணை உண்டாக்கும்.

“பந்து மிதக்கவிட்டால் அரோவானாவின் கண் நிமிரும்.”

கண் கீழ்நோக்கித் தொங்குவது தொட்டி அரோவானாவின் தனி நோவு. கீழே பார்த்துப் பார்த்து வருகிறது, கொழுப்புத் தீனியால் வருகிறது, அடிபட்டு வருகிறது என்று ஆளுக்கொன்று சொல்வார்கள். எதுவும் நிரூபணமாகவில்லை. பிங்பாங் பந்தால் மீன் மேலே பார்க்கும், உண்மைதான். தொங்கிய கண் அதனால் நிமிரும் என்பதற்குச் சான்று இல்லை. கண்ணுக்குப் பின்னால் உள்ள கொழுப்பை வெட்டி எடுக்கும் வைத்தியர்களும் உண்டு. பல ஆயிரம் வெள்ளி விலையுள்ள மீனை மயக்கி, கத்தி வைப்பது அதன் பார்வைக்கா நம் பார்வைக்கா என்று எனக்குச் சந்தேகம்.

“கண் போனால் மீன் போச்சு.”

என் தொட்டியில் ஒற்றைக்கண் தங்கமீன் ஒன்று இருக்கிறது. கல்லில் மோதி இடது கண் பிதுங்கி, கடைசியில் உதிர்ந்தே போனது. குழி மூடி வழவழப்பாகிவிட்டது. பக்கவாட்டுக் கோட்டால் நீரசைவை உணர்கிறது, மணத்தால் தீனியைக் கண்டுபிடிக்கிறது. டப்பாவைத் திறந்தால் முதலில் வருவது அதுதான், ஆனால் எப்போதும் வலது பக்கம் திரும்பி.