நிறுவாமலே இயங்கும் மென்பொருள்கள்

ஒரு வில் வட்ட மையத்தில் தாங்கும் கோணம், பரிதியில் தாங்கும் கோணத்தைப் போல் இரு மடங்கு. இதைக் கரும்பலகையில் வரைந்து நிறுவிக் காட்டுகிறோம். அதே படத்தை ஜியோஜீப்ராவில் வரைந்து பரிதியில் உள்ள புள்ளியை நகர்த்தினால், கோணம் மாறாமல் நிற்பதை மாணவர்கள் கண்ணாலேயே பார்த்துவிடுவார்கள். ஆனால், பள்ளிக் கணினியில் அதை நிறுவப் போனால் நிர்வாகிக் கடவுச்சொல் கேட்கும். பல பள்ளிகளில் அந்தக் கடவுச்சொல் கணினியைப் பராமரிப்பவரிடம் மட்டுமே இருக்கும். இணையம் வழியாகக் காட்டலாம் என்றால் அன்று பார்த்து இணைப்பு இருக்காது. ஒரு நல்ல பாடம் இப்படிக் கணினியின் வாசலிலேயே நின்றுவிடுகிறது.

இதற்கு எளிய வழி ஒன்று உண்டு. நாம் பயன்படுத்தும் இலவச மென்பொருள்கள் பலவற்றுக்குக் கையடக்கப் பதிப்பு கிடைக்கிறது. 'போர்ட்டபிள்' என்று குறிப்பிடப்படும் இப்பதிப்பைக் கணினியில் நிறுவ வேண்டியதில்லை. பென் டிரைவில் வைத்து அப்படியே இயக்கலாம். சில ஆண்டுகளாக வகுப்பறையில் இவற்றைப் பயன்படுத்தி வருபவன் என்ற முறையில், எவற்றைப் பயன்படுத்தலாம், எங்கே கவனமாக இருக்க வேண்டும் என்பதை ஆசிரிய நண்பர்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

எப்படி இயங்குகிறது?

ஒரு மென்பொருளை வழக்கமான முறையில் நிறுவும்போது, அதன் கோப்புகள் விண்டோஸின் பல இடங்களில் பிரிந்து அமர்கின்றன. முதன்மைக் கோப்புகள் ஓரிடத்திலும், நம் விருப்ப அமைப்புகள் வேறிடத்திலும் இருக்கும். ரெஜிஸ்ட்ரி என்னும் விண்டோஸ் பதிவேட்டிலும் குறிப்புகள் எழுதப்படும். இவற்றில் சில இடங்களைத் தொடுவதற்குத்தான் நிர்வாகி அனுமதி தேவைப்படுகிறது.

கையடக்கப் பதிப்பு கட்டுச்சோறு போன்றது. தனக்கு வேண்டியதையெல்லாம் ஒரே கோப்புறைக்குள் கட்டி வைத்திருக்கும். அதைத் திறந்து இயக்கினால் வேலை நடக்கும். கோப்புறையை வேறு கணினிக்குக் கொண்டு போனால் நம் அமைப்புகளும் கூடவே வரும். வேண்டாம் என்றால் கோப்புறையை நீக்கினால் போதும்.

இந்த முறை பரவுவதற்கு முக்கியக் காரணமானவர் ஜான் ஹாலர். 2004இல் பயர்பாக்ஸ் உலாவியின் கையடக்கப் பதிப்பை அவர் வெளியிட்டார். அதிலிருந்து வளர்ந்ததே போர்ட்டபிள்ஆப்ஸ் என்னும் இணையதளம். இன்று நூற்றுக்கணக்கான மென்பொருள்களின் கையடக்கப் பதிப்புகள் அங்கே இலவசமாகக் கிடைக்கின்றன. சில மென்பொருள்களை உருவாக்குவோரே தங்கள் தளத்தில் இப்பதிப்பைத் தருகிறார்கள்.

ஆசிரியருக்குப் பயன்படுபவை

*லிபர் ஆபிஸ்:* வினாத்தாள், மதிப்பெண் பட்டியல், காட்சி வில்லை மூன்றையும் இதில் தயாரிக்கலாம். நம் வீட்டில் அடித்த தமிழ் வினாத்தாள் பள்ளியில் கட்டம் கட்டமாகத் தெரிவது பழகிப்போன தொல்லை. ஒருங்குறியில் தட்டச்சு செய்து, கோப்பின் பண்புகளில் எழுத்துருவை ஆவணத்துடன் இணைக்கும் வசதியைத் தேர்ந்தெடுத்தால், லிபர் ஆபிஸ் உள்ள வேறு கணினியிலும் எழுத்து மாறாது. அச்சுக்குக் கொடுப்பதாக இருந்தால் பிடிஎஃப் ஆக மாற்றிக் கொடுப்பது இன்னும் பாதுகாப்பு.

*விஎல்சி:* பெரும்பாலான காணொலி, ஒலிக் கோப்புகளைத் தனியாக எதையும் சேர்க்காமல் இயக்கும். காணொலியின் வேகத்தைக் குறைத்தும் காட்டலாம். சோதனை ஒன்றை மெதுவாகக் காட்ட இது உதவும்.

*சுமத்ரா பிடிஎஃப்:* மிகச் சிறியது. பழைய கணினியிலும் பாடநூலின் பிடிஎஃப் கோப்பை விரைவாகத் திறக்கும்.

*ஜியோஜீப்ரா:* வடிவியல், வரைபடம், இயற்கணிதத்துக்கு ஏற்றது. இதை உருவாக்கியவர் ஆஸ்திரியாவைச் சேர்ந்த மார்க்கஸ் ஹோஹன்வார்ட்டர், 2001இல் தொடங்கினார்.

*ஸ்டெல்லேரியம்:* நம் ஊரின் வானத்தை எந்த நாளுக்கும் எந்த நேரத்துக்கும் காட்டும். நாள்களை ஒவ்வொன்றாக நகர்த்தி நிலவின் பிறைகளைப் பகலிலேயே காட்டலாம்.

*ஆடாசிட்டி:* ஒலிப்பதிவுக்கானது. தொடக்க நிலை ஆசிரியர்களுக்கு இதை நான் குறிப்பாகப் பரிந்துரைக்கிறேன். ஜூன் மாதம் ஒரு குழந்தை ஒரு பத்தியை வாசிப்பதைப் பதிவு செய்யுங்கள். டிசம்பரில் அதே பத்தியை மீண்டும் பதிவு செய்து, இரண்டையும் அந்தக் குழந்தைக்கே போட்டுக் காட்டுங்கள். தான் முன்னேறியதைத் தன் காதாலேயே கேட்கும் குழந்தைக்கு வேறு பாராட்டு தேவைப்படாது.

*கிவிக்ஸ்:* விக்கிப்பீடியாவை இணையம் இல்லாமல் படிக்க உதவுவது. தமிழ் விக்கிப்பீடியாவும் இதற்கேற்ற கோப்பாகக் கிடைக்கிறது. ஒருமுறை பதிவிறக்கிக்கொண்டால், இணைப்பே இல்லாத பள்ளியிலும் மாணவர்கள் தேடிப் படிக்கலாம்.

*செவன்-ஸிப்:* கோப்புகளைச் சுருக்கவும், கடவுச்சொல் இட்டுப் பூட்டவும் பயன்படுவது.

தயார் செய்யும் முறை

1. முதலில் பென் டிரைவை வைரஸ் தடுப்பு மென்பொருளால் சோதித்து, ஃபார்மேட் செய்துகொள்ளுங்கள். ஃபேட்32 முறையில் ஃபார்மேட் செய்தால் 4 ஜிபியை எட்டும் ஒரே கோப்பை அதில் வைக்க முடியாது. கிவிக்ஸ் கோப்புகள் பெரியவையாக இருக்கலாம் என்பதால் எக்ஸ்ஃபேட் முறை நல்லது.

2. உருவாக்கியவரின் தளத்திலிருந்தோ போர்ட்டபிள்ஆப்ஸ் தளத்திலிருந்தோ மட்டும் பதிவிறக்குங்கள். தேடுபொறியில் முதலில் வரும் விளம்பர இணைப்பைச் சொடுக்க வேண்டாம்.

3. சில தளங்கள் எஸ்எச்ஏ-256 என்ற சரிபார்ப்பு எண்ணையும் வெளியிடும். அது கோப்பின் கைரேகை போன்றது. செவன்-ஸிப்பில் நம் கோப்புக்கும் அந்த எண்ணைக் கணக்கிட்டு ஒப்பிடலாம். இரண்டும் ஒன்றாக இருந்தால் கோப்பு வழியில் மாற்றப்படவில்லை என்று பொருள்.

4. பள்ளிக் கணினியின் விண்டோஸ் எந்தப் பதிப்பு, 32 பிட்டா 64 பிட்டா என்று பார்த்துக்கொள்ளுங்கள். மென்பொருள்களின் புதிய பதிப்புகள் பல விண்டோஸ் 7இல் இயங்குவதில்லை. பழைய கணினிக்கு அதற்கேற்ற பதிப்பைத் தேட வேண்டும்.

5. பென் டிரைவிலிருந்து நேரடியாக இயக்கினால் லிபர் ஆபிஸ் போன்ற பெரியவை மெதுவாகத் திறக்கும். கோப்புறையைக் கணினியின் டி டிரைவில் நகலெடுத்து இயக்கினால் வேகம் கூடும்.

6. பதிவிறக்கிய மூலக் கோப்புகளை வேறிடத்தில் பத்திரமாக வையுங்கள். கோப்புறை பழுதானால் நீக்கிவிட்டு மீண்டும் விரித்துக்கொள்ளலாம்.

லினக்ஸ் உள்ள கணினிகளில் விண்டோஸ் பதிப்புகள் நேரடியாக இயங்கா. அங்கே ஆப்இமேஜ் என்னும் வகை இதே வேலையைச் செய்கிறது. லிபர் ஆபிஸ் அந்த வகையிலும் கிடைக்கிறது.

கவனிக்க வேண்டியவை

முதலாவது, அனுமதி. நிறுவத் தேவையில்லை என்பதற்கு அனுமதி தேவையில்லை என்று பொருளல்ல. பூட்டை உடைப்பதற்கான வழியாக இதைக் கருதக் கூடாது. எந்த மென்பொருளை, எதற்காகப் பயன்படுத்தப் போகிறோம் என்பதைத் தலைமை ஆசிரியரிடமும் கணினிப் பொறுப்பாசிரியரிடமும் முன்னரே சொல்லிவிடுங்கள். சில கணினிகளில் பென் டிரைவிலிருந்து நிரல்களை இயக்குவதே தடுக்கப்பட்டிருக்கும். அங்கே பராமரிப்பவரிடம் கேட்டுத்தான் செய்ய வேண்டும்.

இரண்டாவது, உரிமம். கையடக்கம் வேறு, இலவசம் வேறு. விலை கொடுத்து வாங்க வேண்டிய மென்பொருளைப் பூட்டு உடைத்து, 'போர்ட்டபிள்' என்று பெயரிட்டுப் பலர் பரப்புகிறார்கள். அது சட்டத்துக்கும் புறம்பானது. அதற்குள் வைரஸும் ஒளிந்திருக்கலாம். மாணவர்களின் முன் நாம் எதைத் திறக்கிறோம் என்பதும் ஒரு பாடம்தான்.

மூன்றாவது, வைரஸ். பிரவுசிங் சென்டரில் அச்செடுத்து வந்த பென் டிரைவில் கோப்புறைகளெல்லாம் குறுக்குவழிகளாக மாறியிருப்பதைப் பார்த்திருப்போம். அச்செடுக்க ஒன்று, மென்பொருளுக்கு ஒன்று என இரண்டு பென் டிரைவ்கள் வைத்துக்கொள்வதே இதற்குச் சிறந்த வழி.

நான்காவது, மாணவர் விவரம். கையடக்கப் பதிப்பு கணினியில் சுவடே விடாது என்று சொல்வது முழு உண்மையல்ல. அண்மையில் திறந்த கோப்புகளின் பட்டியலை விண்டோஸ் தானாகவே வைத்துக்கொள்ளும். பென் டிரைவ் தொலைந்தும் போகலாம். பெற்றோரின் கைப்பேசி எண், ஆதார் எண் போன்றவற்றை மென்பொருளோடு சேர்த்து வைக்காதீர்கள். எடுத்துச் செல்லத்தான் வேண்டும் என்றால் செவன்-ஸிப்பில் கடவுச்சொல் இட்டுப் பூட்டி எடுத்துச் செல்லுங்கள். அது ஏஇஎஸ்-256 என்னும் வலுவான குறியாக்க முறையைப் பயன்படுத்துகிறது.

பள்ளிக்கென ஒரு பென் டிரைவ்

இவற்றையெல்லாம் நாம் தனிப்பட்ட முறையில் செய்துகொண்டால் பயன் நம்மோடு நின்றுவிடும். மாறுதல் கலந்தாய்வில் ஓர் ஆசிரியர் வேறு பள்ளிக்குப் போகும்போது, அவர் சேர்த்த கருவிகளும் அவருடைய பையிலேயே போய்விடுகின்றன. அடுத்து வருபவர் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது. இடையில் இழப்பு மாணவர்களுக்குத்தான்.

எனவே, பள்ளிக்கென்று ஒரு பென் டிரைவைத் தயாரித்து இருப்புப் பதிவேட்டில் ஏற்றுங்கள். உடன் ஒரு சிறு குறிப்பேடு வையுங்கள். என்ன மென்பொருள், எந்தப் பதிப்பு, எங்கிருந்து எப்போது பதிவிறக்கியது, எந்த வகுப்பில் எந்தப் பாடத்துக்குப் பயன்பட்டது என்று நான்கு பத்திகள் போதும். குறுவள மையக் கூட்டத்துக்கு அதைக் கொண்டு சென்றால், இணைய இணைப்பு இல்லாத பள்ளியின் ஆசிரியரும் அங்கேயே நகலெடுத்துக்கொள்ளலாம். கட்டற்ற மென்பொருள்களைப் பகிர்வதற்கு அவற்றின் உரிமமே இடம் தருகிறது. மற்றவற்றுக்கு உரிம நிபந்தனையை ஒருமுறை படித்துவிட்டுப் பகிருங்கள்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் தொடங்க வேண்டியதில்லை. அடுத்த வாரம் நடத்தவிருக்கும் பாடம் ஒன்றை எடுத்துக்கொண்டு, அதற்குத் தேவையான ஒரே ஒரு மென்பொருளை மட்டும் தயார் செய்யுங்கள். பாட நாளுக்கு முன்பே வகுப்பறைக் கணினியில் ஒருமுறை திறந்து பார்த்துவிடுங்கள். சரியாக இயங்கினால் குறிப்பேட்டின் முதல் வரியை எழுதிவிடலாம்.