இரண்டு லட்ச ரூபாய்க்கு ஒரு கிட்டார்: எதுவரை போகலாம்?

நமது ஏட்டில் வழக்கமாகப் பருப்பு, எண்ணெய், தராசு முத்திரை, வரிக் கணக்கு என்றே எழுதி வருகிறோம். இம்மாதம் மின் கிட்டார் பற்றி எழுதுவதைப் பார்த்துச் சிலர் சிரிக்கக்கூடும். ஆனால் இந்தக் கேள்வி புறப்பட்டதே ஒரு மளிகைக்கடைக் கல்லாவிலிருந்துதான்.

மாதக் கூட்டம் முடிந்து கலையும்போது உறுப்பினர் ஒருவர் நம்மைத் தனியே அழைத்தார். அவருடைய மகன் ஆறு வருடமாகக் கிட்டார் வாசிக்கிறான். மெல்லிசைக் குழுவோடு கல்யாணக் கச்சேரிகளுக்குப் போய் வருகிறான். அமெரிக்காவில் செய்த ஃபெண்டர் கிட்டார் வேண்டும் என்கிறானாம். விலை 2 லட்சம். "அண்ணாச்சி, பொருள் தெரியாமல் விலை பேசி எனக்குப் பழக்கமில்லை. இது சரக்குக்கு உள்ள விலையா, பெயருக்கு உள்ள விலையா?" என்று கேட்டார். தீபாவளிச் சரக்கு எடுக்க ஒதுக்கிய பணத்தில்தான் கை வைக்க வேண்டும் என்பதை மெதுவாகச் சொன்னார். அப்பாவும் மகனும் பத்து நாளாக முகம் கொடுத்துப் பேசவில்லை என்பதை அதைவிட மெதுவாகச் சொன்னார்.

நமக்கும் கிட்டார் தெரியாது. வாசிப்பவர்களையும் விற்பவர்களையும் பழுது பார்ப்பவர்களையும் விசாரித்துத் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறோம்.

முதலில் பொருளைப் பார்ப்போம். வீணைக்குக் குடம் இருப்பதுபோல் இந்த வகைக் கிட்டாருக்குக் கிடையாது. உடல் கெட்டியான மரப் பலகைதான். எஃகுத் தந்திகளுக்கு அடியில் காந்தம் இருக்கிறது. அதைச் சுற்றித் தலைமுடி போன்ற மெல்லிய செப்புக் கம்பியை ஆயிரக்கணக்கான சுற்றுகள் சுற்றியிருப்பார்கள். இதற்குப் பிக்கப் என்று பெயர். தந்தி அதிர்ந்தால் அந்தக் கம்பியில் சிறு மின்சாரம் பிறக்கும். அதை ஆம்ப்ளிஃபயர் பெருக்கிக் கொடுக்கும். ஆகவே சபையில் கேட்பது கிட்டாரும் ஆம்ப்ளிஃபயரும் சேர்ந்த ஒலி. கிட்டாருக்கு 2 லட்சத்தைக் கொட்டிவிட்டு ஆம்ப்ளிஃபயருக்கு 5,000 ரூபாய் தேடுவது, நயமான மிளகாய் வாங்கிக் கெட்ட மில்லில் அரைக்கக் கொடுப்பது போன்றது.

இந்தத் தொழிலில் பெரிய பெயரெடுத்த லியோ ஃபெண்டர் நம்மைப் போல் ஒரு கடைக்காரர்தான். கலிபோர்னியாவில் ஃபுல்லர்டன் என்ற ஊரில் 1938இல் ரேடியோ பழுது பார்க்கும் கடை திறந்தவர். அவருக்குக் கிட்டார் வாசிக்கத் தெரியாது. 1954இல் அவர் கொண்டுவந்த ஸ்ட்ராட்டோகாஸ்டரின் விலை, சுருதியை அசைக்கும் நெம்புகோலோடு சேர்த்து 249 டாலர் 50 சென்ட். கழுத்தை உடலோடு ஒட்டாமல் நான்கு திருகாணியில் முடுக்கினார். செய்வதும் சுலபம், கழுத்து கெட்டால் மாற்றுவதும் சுலபம். 1965இல் நிறுவனத்தை 130 லட்சம் டாலருக்கு சிபிஎஸ் நிறுவனத்திடம் விற்றார்.

இன்று அதே வடிவம் பல படிகளில் விற்கிறது. அடிப்படியில் சீனாவிலும் இந்தோனேசியாவிலும் செய்யும் ஸ்குவையர். அமெரிக்கச் சந்தையில் சுமார் 200 டாலரிலிருந்து கிடைக்கும். அடுத்தது மெக்சிகோவின் என்செனாடா ஆலைச் சரக்கு, சுமார் 800 டாலர். அதற்கு மேல் கலிபோர்னியாவின் கொரோனா ஆலையில் செய்தது, 1,700 டாலர் அளவில். உச்சியில் தனிப் பட்டறையில் செய்பவை, 4,000 டாலருக்கு மேல். நம் ஊருக்கு வரும்போது கப்பல் கூலி, சுங்க வரி, விற்பனையாளர் லாபம் எல்லாம் ஏறிக்கொள்ளும்.

இதில் கவனிக்க வேண்டியது, படிக்குப் படி விலை ஏறும் வேகத்தில் தரம் ஏறுவதில்லை. பலகை வெட்டுவது இன்று விலை குறைந்த கிட்டாருக்கும் விலை உயர்ந்த கிட்டாருக்கும் கணிப்பொறி இயந்திரம்தான். மேல் படிகளில் விலை ஏறுவது பெரும்பாலும் மனித உழைப்பில்: ஃபிரெட் கம்பிகளின் முனையை விரலில் உறுத்தாமல் தேய்ப்பது, எடை குறைந்த மரத்தைப் பொறுக்குவது, மெல்லிய பூச்சைப் பூசி உலர விடுவது போன்றவை. 200லிருந்து 800க்குப் போனால் வித்தியாசம் எல்லாருக்கும் தெரியும். 800லிருந்து 1,700க்குப் போனால் வாசிப்பவன் கைக்குத் தெரியும். கேட்பவர் காதுக்குத் தெரிவது அரிது. அதற்கும் மேலே அழகும் பெயரும் பழமை மோகமும்தான் அதிகம். தனிப் பட்டறையில் புதுக் கிட்டாரைக் கீறி, வண்ணம் உரித்து, பழையது போலாக்கி, அதற்குக் கூடுதல் விலையும் வாங்குகிறார்கள்! நம் கடையில் நசுங்கிய எண்ணெய் டின்னை விலை குறைத்தால்தான் தள்ள முடிகிறது.

மரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. விரல் வைக்கும் பலகைக்கு உலகெங்கும் போவது நம் மேற்குத் தொடர்ச்சி மலையிலும் விளையும் ஈட்டி மரம். பிரேசில் நாட்டு ஈட்டிக்கு 1992இல் சர்வதேச வணிகத் தடை வந்தது. 2017இல் ஈட்டி இனங்கள் அனைத்துக்கும் ஏற்றுமதி அனுமதிச் சீட்டு கட்டாயமானது. 2019இல் செய்து முடித்த இசைக் கருவிகளுக்கு விலக்கு அளித்தார்கள். ஆனால் பிரேசில் ஈட்டிக்கு அந்த விலக்கு இல்லை.

பெரிய வித்வான்கள் லட்சக்கணக்கில் கொடுத்துத்தான் வாசித்தார்களா என்றால், அதுவும் இல்லை. எரிக் கிளாப்டன் 1970இல் நாஷ்வில் நகரக் கடை ஒன்றில் பழைய ஸ்ட்ராட்டோகாஸ்டர் ஆறு வாங்கினார். அப்போது அவை மலிவு. மூன்றை நண்பர்களுக்குக் கொடுத்துவிட்டு, மீதி மூன்றில் நல்ல பாகங்களாகப் பொறுக்கி ஒரே கிட்டாராகச் சேர்த்தார். கறுப்பாக இருந்ததால் அதற்கு பிளாக்கி என்று பெயர். 2004இல் அது 9,59,500 டாலருக்கு ஏலம் போனது. ஏலத்தில் போன விலை அவர் கைக்கு உள்ள விலை. ஆனால் மூட்டையைப் பிரித்துத் தரம் பார்த்துப் பொறுக்கிய புத்தி நமக்கும் பழக்கமானதுதானே?

இனி நம் கணக்குக்கு வருவோம். எல்லாச் செலவும் போக 100 ரூபாய் விற்பனையில் 4 ரூபாய் நிற்பதாக வைத்துக்கொள்வோம். 2 லட்சம் நிற்க 50 லட்சத்துக்கு விற்க வேண்டும். அந்த உறுப்பினரின் கடையில் நாளொன்றுக்கு 20,000 ரூபாய் வியாபாரம். ஆக 250 நாள் உழைப்பு. இதைச் சொன்னதும் அவர், "அப்படியானால் வேண்டாம் என்று சொல்லிவிடட்டுமா?" என்றார்.

அவசரப்பட வேண்டாம் என்றோம். மகன் விளையாட்டுக்குக் கேட்கவில்லை. ஒரு கச்சேரிக்கு 1,500 ரூபாய் கிடைக்கிறது, வருடத்துக்கு 40 கச்சேரி. அவனுக்கு அது தொழில் கருவி. நமக்குத் தராசு போல. கருவிக்கு உண்மையான செலவு வாங்கும் விலை அல்ல. வாங்கிய விலைக்கும் பிறகு விற்கும் விலைக்கும் உள்ள வித்தியாசம்தான். 2 லட்சத்துக்குப் புதிதாக வாங்கி, மூன்று வருடம் கழித்து 1,30,000க்கு விற்றால் செலவு 70,000. அதே கிட்டாரை இன்னொருவர் கையிலிருந்து 1,30,000க்கு வாங்கி 1,15,000க்கு விற்றால் செலவு 15,000தான். புதுச் சரக்கின் முதல் இறக்கத்தை வேறொருவர் தாங்கிவிட்டார்.

ஆகவே உச்சவரம்பைக் கடைக்குப் போகுமுன்பே வீட்டில் எழுதிவிட வேண்டும் என்றோம். பண்டிகைச் சரக்குப் பணத்தை அந்தக் கணக்கில் சேர்க்கவே கூடாது. ஆம்ப்ளிஃபயர், பெட்டி, தந்தி, கழுத்து சரிசெய்யும் கூலி எல்லாவற்றையும் கழித்தபின் மிஞ்சுவதுதான் கிட்டாருக்கான தொகை. கடைப் பணத்தில் எடுத்தால் பேரேட்டில் சொந்த எடுப்பு என்றே எழுத வேண்டும். கடைச் செலவில் நுழைத்து, அதற்குக் கொடுத்த ஜிஎஸ்டியை வரவாகக் கேட்பது பின்னால் தொல்லை.

பிறகு அவர் மகனோடு கடைக்குப் போனார். நாமும் உடன் போனோம். ஒரே ஆம்ப்ளிஃபயரில் மெக்சிகோ சரக்கையும் அமெரிக்கச் சரக்கையும் மாற்றி மாற்றி வாசிக்கச் சொல்லி, அப்பா சுவரைப் பார்த்தபடி திரும்பி உட்கார்ந்தார். எது எது என்று அவரால் சொல்ல முடியவில்லை, நம்மாலும் முடியவில்லை. மகனைக் கண்ணை மூடிக்கொண்டு வாசிக்கச் சொன்னோம். மூன்று முறையும் கழுத்தைப் பிடித்தவுடன் சரியாகச் சொன்னான். திரும்பும் வழியில் உறுப்பினர், "எனக்குக் காதில் ஒன்றும் தெரியவில்லை அண்ணாச்சி. ஆனால் அவன் முகம் மாறியதைப் பார்த்தேன்" என்றார்.

இரண்டு வாரம் விசாரித்ததில், வாசிப்பதை விட்டுவிட்ட ஒருவரிடம் அதே அமெரிக்க ஸ்ட்ராட்டோகாஸ்டர் இருப்பது தெரிந்தது. கேட்ட விலை 1,35,000. பழுது பார்ப்பவரை அழைத்துப்போய்க் கழுத்து நேராக இருக்கிறதா, பிக்கப் அசல்தானா, வரிசை எண் சரியா என்று பார்த்தார்கள். சில ஃபிரெட்டுகள் தேய்ந்திருந்தன. அதைக் காட்டிப் பேசி 1,25,000க்கு முடித்தார்கள். மகன் சேமிப்பு 45,000. அப்பா பங்கு 80,000. அப்பா பங்கு மட்டும் அவருக்கு 100 நாள் வியாபாரம். ஆம்ப்ளிஃபயரை அடுத்த கச்சேரிப் பணத்தில் மகனே வாங்கிக்கொள்வதாக ஏற்பாடு. அதுவரை குழுவிலுள்ளதைப் பயன்படுத்துவான்.

10,000 ரூபாய் முன்பணம் கொடுத்தாகிவிட்டது. மீதி தீபாவளிக் கணக்கு முடிந்த மறுவாரம். பண்டிகைக்கு நான்கு நாள் முன்பு அந்தக் கடைப் பக்கம் போனோம். மகன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மைதா மூட்டை இறக்கிக்கொண்டிருந்தான். உள்ளேயிருந்து அப்பா, "விரல் பத்திரம்டா" என்று குரல் கொடுத்தார்.