நகரும் கோழிக்கூண்டு: பலம் தடித்த மரத்தில் இல்லை

2022 ஜூன் 1ஆம் தேதி மலேசியா கோழி ஏற்றுமதியை நிறுத்தியது. ஜொகூர் பாலம் வழியாகச் சிங்கப்பூருக்குப் போய்க்கொண்டிருந்த கோழி லாரிகள் நின்றன. இறக்குமதித் தீவனத்தின் விலை உயர்ந்து, உள்நாட்டிலேயே கோழி போதவில்லை என்பது காரணம். ஜூன் 14 முதல் கம்பத்துக் கோழிக்கும் கருங்கோழிக்கும் மட்டும் தடை தளர்ந்தது. பண்ணை இறைச்சிக் கோழி அக்டோபர் 11 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

தீவன விலை ஏறினால் முதலில் தடுமாறுவது பெரிய பண்ணைதான். புல்லையும் புழுவையும் கரையானையும் கிளறித் தின்னும் வீட்டுக் கோழிக்குக் கடைத் தீவனம் பாதி போதும். ‘வீட்டுக்குப் பின்னால் நிலம் இருக்கிறதே, நாலு கோழி வளர்த்தால் என்ன?’ என்று பலரும் கேட்பது இதனால்தான். கோழி மேய வேண்டும், நாயும் பாம்பும் நெருங்கக் கூடாது, ஒரே இடம் சேறாகவும் கூடாது. இந்த மூன்றுக்கும் சேர்த்து ஒரே விடை நகரும் கூண்டு.

ஆனால் அதில் ஒரு பொறி உண்டு. உறுதியாக இருக்கட்டும் என்று தடித்த மரத்தில் கட்டுகிறோம். முதல் வாரம் இரண்டு பேர் சேர்ந்து நகர்த்துகிறார்கள். அடுத்த வாரம் ஒருவர் வேலைக்குப் போய்விடுகிறார். மழை பிடித்ததும் சக்கரம் மண்ணில் புதைகிறது. இரண்டாம் மாதத்தில் அது நகரும் கூண்டு அல்ல, தரையில்லாத சாதாரணக் கூண்டு. நோய் வருவது அப்போதுதான். நகராத நகரும் கூண்டு, நிலையான கூண்டைவிட மோசமானது.

ஏன் தினமும் நகர வேண்டும்?

இந்த யோசனை நமக்குப் புதியதன்று. தமிழ்நாட்டில் அறுவடை முடிந்த வயலில் ஆட்டுக்கிடை போடுவார்கள். இரவில் பட்டி அடைத்து, மறுநாள் பட்டியை அடுத்த துண்டுக்கு மாற்றுவார்கள். வயலுக்கு எரு கிடைக்கும், ஆட்டுக்குச் சுத்தமான தரை கிடைக்கும். கோழியைக் கவிழ்த்து மூடும் பஞ்சாரமும் ஒரு நகரும் கூண்டுதான். நாம் செய்யப்போவது கொஞ்சம் பெரிய பஞ்சாரம்.

இதற்குப் பின்னால் இருக்கும் அறிவியலைப் பாருங்கள். கோழிக்குஞ்சுகளை அதிகம் கொல்லும் நோய்களில் ஒன்று ரத்தக் கழிச்சல். ஐமீரியா என்ற ஒற்றைச்செல் ஒட்டுண்ணி குடலைப் புண்ணாக்குகிறது. மூன்று முதல் ஆறு வார வயதுக் குஞ்சுகளுக்கு ஆபத்து அதிகம். நோயுற்ற கோழியின் எச்சத்தில் இந்த ஒட்டுண்ணியின் உறைமுட்டைகள் கோடிக்கணக்கில் வெளிவரும். வெளிவந்த உடனே அவற்றால் நோயை உண்டாக்க முடியாது. ஈரமும் வெப்பமும் காற்றும் கிடைத்தால், ஓரிரு நாளில் அவை முதிர்ந்து தொற்றும் நிலையை அடைகின்றன.

ஈரமும் வெப்பமும் ஜொகூரில் ஆண்டு முழுவதும் உண்டு. ஆகவே கூண்டு 24 மணி நேரத்துக்கு ஒருமுறை நகர்ந்தால், உறைமுட்டைகள் முதிரும் முன்பே கோழிகள் அங்கிருந்து போய்விடுகின்றன. மூன்று நாள் அங்கேயே நின்றால், முதிர்ந்தவற்றைத் தின்றுகொண்டே இருக்கும். நிழலான ஈர மண்ணில் இவை மாதக் கணக்கில் உயிரோடிருக்கும். அதனால் குஞ்சுகளை எப்போதும் பெரிய கோழிகள் அண்மையில் மேயாத தரையில் விடுங்கள்.

அடுத்தது எரு. ஒரு கோழி நாளுக்கு ஏறத்தாழ 100 கிராம் எச்சமிடும். 8 அடிக்கு 4 அடிக் கூண்டின் பரப்பு 32 சதுர அடி, அதாவது சுமார் 3 சதுர மீட்டர். 5 கோழிகள் ஒரு நாள் இருந்தால் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 170 கிராம் விழும். புல்லுக்கு அது விருந்து. நாலு நாள் அங்கேயே நின்றால் 680 கிராம். கோழி எரு சூடானது. நைட்ரஜன் மிகுந்து புல் கருகும், அம்மோனியா நாற்றம் மூக்கைத் துளைக்கும், ஈ மொய்க்கும்.

30 நாளுக்கு ஒருமுறை பழைய இடத்துக்குத் திரும்புவதென்றால் 960 சதுர அடி நிலம் போதும். கால் ஏக்கர் வீட்டு நிலம் 10,890 சதுர அடி. அதில் பத்தில் ஒரு பங்குகூட ஆகாது.

எடைக் கணக்கு

கூண்டை யார் நகர்த்துவார் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். காலையில் வீட்டில் இருப்பது பாட்டியா, பள்ளிக்குப் புறப்படும் மகளா? அவர் தனியாக நகர்த்தக்கூடிய எடைதான் உங்கள் வரம்பு.

நம் கூண்டுக்கு மொத்தம் 100 அடி மரச்சட்டம், அதாவது சுமார் 30 மீட்டர், தேவைப்படும். நடுத்தர எடையுள்ள மரம் ஒரு கன மீட்டர் 600 கிலோ என்று கொள்வோம்.

2க்கு 4 அங்குலச் சட்டம் என்றால் மரம் மட்டும் ஏறத்தாழ 92 கிலோ.
2க்கு 2 அங்குலம் என்றால் 46 கிலோ.
1க்கு 2 அங்குலம் என்றால் 23 கிலோ.

கம்பிவலை, கூரை, சக்கரம், முட்டைப்பெட்டி எல்லாம் சேர்ந்து இன்னொரு 22 கிலோ. ஆக மெல்லிய சட்டத்தில் 45 கிலோ, தடித்த சட்டத்தில் 114 கிலோ. மெல்லிய சட்டம் தாங்குமா என்ற கேள்வி எழும். தாங்கும், வடிவம் சரியாக இருந்தால்.

முக்கோணம் தரும் பலம்

நாலு சட்டங்களை மூலைக்கு ஓர் ஆணி வைத்துச் சதுரமாக இணைத்து, ஒரு மூலையைத் தள்ளுங்கள். சதுரம் சாய்ந்துவிடும். சட்டம் எவ்வளவு தடிமனாக இருந்தாலும் இதுதான் கதை, ஏனென்றால் பாரத்தை வாங்குவது மூலை ஆணிதான். மூன்று சட்டங்களை முக்கோணமாக இணைத்தால் சாயாது. பக்கங்களின் நீளம் மாறாதவரை கோணமும் மாற முடியாது. மின்கம்பக் கோபுரமும் ரயில் பாலமும் மெல்லிய கம்பிகளில் நிற்கும் ரகசியம் இது.

ஆகவே கூண்டைப் பெட்டியாகக் கட்டாமல் கூடாரம் போலக் கட்டுங்கள். அடி 4 அடி, இரண்டு சாய்வுப் பக்கங்களும் 4 அடி. சமபக்க முக்கோணம். உயரம் ஏறத்தாழ மூன்றரை அடி வரும். முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று, பின்பக்கத்திலிருந்து 3 அடி தள்ளி ஒன்று என மூன்று முக்கோணங்கள். நடு முக்கோணத்தின் குறுக்குச் சட்டத்தைத் தரையில் வைக்காமல் ஒன்றரை அடி உயரத்தில் வையுங்கள். கோழியின் காலில் இடிக்காது, மேல்தளத்தையும் அதுவே தாங்கும்.

மூன்றையும் உச்சியில் ஒரு நீளச் சட்டம், சாய்வுகளின் நடுவில் இரண்டு, அடியில் இரண்டு கொண்டு இணையுங்கள். அடிச்சட்டங்கள் மட்டும் 10 அடி நீளம். முன்னால் நீட்டி நிற்கும் 2 அடிதான் கைப்பிடி. சாய்வுப் பக்கங்கள் நீள்சதுரங்கள் என்பதால் அவை முன்பின்னாகச் சாயலாம். ஒவ்வொன்றிலும் மூலைவிட்டமாக ஒரு சட்டம் போட்டு அவற்றையும் முக்கோணங்களாக்குங்கள்.

தினமும் ஆடும் பொருளுக்கு ஆணி உதவாது, தளர்ந்து வெளியே வரும். திருகாணி போடுங்கள். முக்கிய மூலைகளுக்குத் துருப்பிடிக்காத போல்ட்டும் நட்டும். ரப்பர் மரம் மலிவாகக் கிடைத்தாலும் வெளியில் நிற்காது, பூஞ்சையும் துளைப்பூச்சியும் பிடிக்கும். ஈரத் தரையில் கிடக்கும் அடிச்சட்டத்துக்கு மட்டும் செங்கால் போன்ற கடினமரம் போடலாம். அதற்கேற்ப எடை சில கிலோ கூடும். பழைய எஞ்சின் எண்ணெயை மரத்தில் பூச வேண்டாம், கோழி கொத்தும்.

சக்கரம் எங்கே?

சக்கரம் பின்முனையில், கைப்பிடி முன்முனையில். ஒற்றைச் சக்கரத் தள்ளுவண்டியின் அதே நெம்புகோல். 45 கிலோ எடையின் மையம் சக்கரத்திலிருந்து 4 அடியில் இருந்து, கை 10 அடியில் பிடித்தால், தூக்கவேண்டியது 45 × 4 ÷ 10 = 18 கிலோ. உறங்கும் தளத்தையும் முட்டைப்பெட்டியையும் சக்கரத்தின் பக்கம் அமைத்தால் எடையின் மையம் 3 அடிக்கு வரும். அப்போது 13.5 கிலோ. 10 கிலோ அரிசிப் பையைவிடக் கொஞ்சம்தான் அதிகம். தடித்த சட்டக் கூண்டில் அதே கணக்கு 34 கிலோ காட்டும். பாட்டி தூக்க மாட்டார்.

சக்கரத்தைப் பின்சட்டத்துக்கு வெளியே, தரையிலிருந்து கால் அங்குலம் உயர்த்திப் பொருத்துங்கள். கூண்டு கிடக்கும்போது சட்டம் தரையோடு ஒட்டியிருக்கும். முன்பக்கத்தைத் தூக்கும்போது மட்டும் சக்கரம் மண்ணைத் தொடும். பொந்தியான், பத்து பகாட் பக்கத்துக் கரிச்சதுப்பு மண்ணில் ஒடுங்கிய சக்கரம் புதையும். எடை அதேதான் என்றாலும், அகலமான சக்கரத்தில் அது பரந்த இடத்தில் பரவுவதால் அழுத்தம் குறைகிறது.

இரவு விருந்தாளிகள்

அறுகோணக் கண் உள்ள சாதாரணக் கோழிவலை கோழியை உள்ளே வைக்கும், எதிரியை வெளியே நிறுத்தாது. நாய் கிழித்துவிடும், சிறிய மலைப்பாம்பு கண் வழியே நுழைந்துவிடும். விழுங்கிய பின் வயிறு பருத்து வெளியேற முடியாமல் உள்ளேயே கிடக்கும். அரை அங்குலக் கண் உள்ள பற்றவைத்த கம்பிவலை போடுங்கள், எலியும் நுழையாது. மரநாய் கெட்டிக்கார விலங்கு. வெறும் கொக்கியை நம்பாதீர்கள். தாழ்ப்பாளில் ஒரு வளையக் கொக்கியும் சேர்த்து மாட்டுங்கள்.

நாயும் உடும்பும் தோண்டும். தோண்டும் விலங்கு சுவரை ஒட்டித்தான் தோண்டத் தொடங்கும். சுற்றிலும் ஓர் அடி அகலத்தில் கம்பிவலையைத் தரையில் பாவாடை போலப் படுக்கவிட்டால், அதன் நகம் வலையில் மாட்டும். அதைக் கீல் போட்டுப் பொருத்தினால், நகர்த்தும்போது மேலே மடித்துவிடலாம்.

கோழிகள் தரையில் உறங்க வேண்டாம். மலாய்க் கம்பங்களில் கோழியின் ‘ரெபான்’ கால்கள்மேல் உயர்ந்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அதே நியாயம்தான் இங்கும். பின்பக்க 3 அடியில், ஒன்றரை அடி உயரத்தில், மூங்கில் பிளாச்சுகளை இடைவெளி விட்டு அடுக்குங்கள். எச்சம் கீழே விழும், காற்று மேலே வரும்.

வெயிலும் காற்றும்

கோழியின் உடல் வெப்பம் ஏறத்தாழ 41 டிகிரி செல்சியஸ். அதற்கு வியர்வைச் சுரப்பி கிடையாது. வாயைத் திறந்து மூச்சிரைத்து, ஈரத்தை ஆவியாக்கித்தான் குளிரும். காற்றே ஈரமாக இருக்கும் ஜொகூரில் அது எளிதில் ஆவியாகாது. ஆகவே தகரக் கூரையை அப்படியே விடாதீர்கள். வெள்ளை வண்ணம் பூசுங்கள், அல்லது மேலே அத்தாப்பு போடுங்கள். உச்சியை ஒட்டி வெப்பக்காற்று வெளியேற ஒரு விரல் அளவு இடைவெளி விடுங்கள்.

எடை குறைந்த கூண்டுக்குக் காற்று எதிரி. மேற்குக் கரையில் விடியற்காலையில் வீசும் சுமத்ரா சூறைக்காற்றை அறிவீர்கள். மணிக்கு 54 கிலோமீட்டர் வேகக் காற்று, ஒரு சதுர மீட்டர் பரப்பை ஏறத்தாழ 14 கிலோ எடைக்குச் சமமாக அழுத்தும். கூரைப் பக்கம் 2 சதுர மீட்டர் என்றால் 28 கிலோ. நாலு மூலைக்கும் நாலு இரும்பு முளை அடித்துக் கயிற்றால் கட்டுங்கள். வடகிழக்குப் பருவமழைக் காலத்துக்கு மேட்டு நிலத்தில் ஓர் இடத்தை முன்கூட்டியே ஒதுக்கி வையுங்கள். 2023 மார்ச்சில் பத்து பகாட்டில் வெள்ளம் வடிய வாரக்கணக்கானது நினைவிருக்கும்.

நகர்த்தும் முறை

தீவனம் வைக்கும் முன் நகர்த்துங்கள். பசித்த கோழி புதுப் புல்லை நோக்கித் தானே முன்னால் நடக்கும். கூண்டை மெதுவாக இழுங்கள். பின்தங்கும் கோழியின் காலைப் பின்சட்டம் நசுக்குவதுதான் இந்தக் கூண்டில் வழக்கமாக நடக்கும் விபத்து. முன்பக்கம் உயரும்போது குஞ்சுகள் ஓடாமலிருக்க ஒரு ரப்பர் திரை தொங்கவிடுங்கள்.

கோழி கடந்துபோன இடம் வாழைக்கும் ரம்புத்தானுக்கும் நல்லது. பச்சையாக உண்ணும் காய்கீரை உள்ள பாத்தியில், அறுவடைக்கு 120 நாளுக்கு முன்பே கூண்டை விலக்கிவிடுங்கள். கோழியைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவ மறக்காதீர்கள்.

ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும். கூண்டு நகர்வது ரத்தக் கழிச்சலைக் குறைக்கும், வெள்ளைக் கழிச்சலைத் தடுக்காது. அது வைரஸ் நோய், தடுப்பூசிதான் வழி. வெப்பத்தைத் தாங்கி, தீவனத்தில் கலந்து கொடுக்கக்கூடிய வி4 தடுப்பூசியைக் கம்பத்துக் கோழிகளுக்காக 1980களில் ஆராய்ந்தவர்கள், இன்று பூத்ரா பல்கலைக்கழகம் எனப்படும் அன்றைய மலேசிய விவசாயப் பல்கலைக்கழகத்தாரும் ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தாரும்தான். தடுப்பூசி பற்றிக் கால்நடைச் சேவைத் துறை அலுவலகத்தில் கேளுங்கள். தாமானில் வசிப்பவர்கள், கோழி வளர்க்க அனுமதி உண்டா என்று ஊராட்சி மன்றத்திலும் கேட்டுக்கொள்ளுங்கள்.

செய்து பாருங்கள்

1. நாலு ஐஸ்கிரீம் குச்சிகளைக் குண்டூசியால் சதுரமாக இணையுங்கள். மூலையைத் தள்ளுங்கள். பிறகு மூலைவிட்டமாக ஐந்தாவது குச்சியைச் சேர்த்து மறுபடி தள்ளுங்கள். என்ன மாறியது?

2. கூண்டு கட்டி முடித்ததும், கைப்பிடிக்கடியில் வீட்டு எடைக்கருவியை வைத்துப் பாருங்கள். அது காட்டும் எண்தான் தினமும் தூக்கவேண்டிய எடை. 15 கிலோவுக்கு மேல் போனால், கனமான பொருள் எதையாவது சக்கரத்தின் பக்கம் மாற்றுங்கள்.

3. கூண்டு நகர்ந்த இடத்தில் ஒரு குச்சி நட்டுத் தேதி எழுதுங்கள். ஒரு வாரம் கழித்து அங்கே புல் எப்படி இருக்கிறது, பக்கத்தில் எப்படி இருக்கிறது என்று ஒப்பிடுங்கள்.

வீட்டிலேயே பலம் குறைந்தவர் ஒரு மழைக்காலைப் பொழுதில் தனியாக அந்தக் கூண்டை 8 அடி நகர்த்திவிட்டால், நீங்கள் கட்டியது உறுதியான கூண்டுதான்.