சாவி யாரிடம்? – வெளிநாட்டுப் பங்குகளும் நிறுவன ஃபண்டும்



எங்கள் வீட்டில் 'ஃபண்டு' என்பது ஒரு கெட்ட வார்த்தை. நான் பிறப்பதற்கு முன்பு, அப்பா தறி ஓட்டிச் சேர்த்த நாற்பதாயிரம் ரூபாயை, அதிக வட்டி தருவதாகச் சொன்ன ஒரு நிதி நிறுவனத்தில் கட்டினார். ஒருநாள் காலையில் போய்ப் பார்த்தால் கதவில் பூட்டு. அந்தப் பூட்டைப் பற்றி அம்மா இன்றைக்கும் பேசுவார்.

இந்த வருஷம் எங்கள் ஹாஸ்டல் நண்பர் ஒருவருக்கும் அதே கதை நடந்தது. கதவு மட்டும் செல்போனுக்குள் இருந்தது. "இன்ஸ்டிடியூஷனல் அக்கவுண்ட் மூலம் வெளிநாட்டுப் பங்கு வாங்கித் தருகிறோம், சாதாரண ஆட்களுக்குக் கிடைக்காத விலை" என்று ஒரு குழுவில் ஆசை காட்டினார்கள். ஸ்காலர்ஷிப் பணம் ஆறாயிரம் போட்டார். திரையில் அது பதினோராயிரம் ஆனது. எடுக்கப் போனால், முதலில் வரி கட்டு என்றார்கள். பிறகு குழுவே காணாமல் போய்விட்டது.

அப்போதுதான் எனக்கு ஒரு கேள்வி வந்தது. 'இன்ஸ்டிடியூஷனல்' என்று உண்மையிலேயே ஒன்று இருக்கிறதா, அல்லது அதுவும் பொய்யா? தேடிப் படித்தேன். இருக்கிறது! ஆனால் அவர்கள் சொன்ன மாதிரி இல்லை. படித்ததை உங்களோடு பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரை.

பங்கும் ஃபண்டும்

ஒரு கம்பெனியின் உரிமையைச் சிறுசிறு துண்டுகளாகப் பிரித்தால் ஒரு துண்டுதான் பங்கு. பங்கு வைத்திருப்பவருக்குக் கம்பெனியின் லாபத்தில் பாத்தியதை உண்டு. நஷ்டம் வந்தால் அதுவும் அவர் தலையில்தான்.

பலர் பணத்தை ஒன்றாகச் சேர்த்து, அதில் பல கம்பெனிப் பங்குகளை வாங்கி வைப்பது மியூச்சுவல் ஃபண்டு. போட்ட பணத்துக்கு ஏற்ப ஒவ்வொருவருக்கும் யூனிட் கிடைக்கும். ஃபண்டின் மொத்தச் சொத்தில் கடனைக் கழித்து, யூனிட்டுகளின் எண்ணிக்கையால் வகுத்தால் ஒரு யூனிட்டின் மதிப்பு வரும். நம்ம முதல் செமஸ்டர் கணக்கைவிட இது சுலபம்தான்.

இப்படிச் சேர்த்துப் போடுவது புதிய யோசனை அல்ல. 1868-ல் லண்டனில் 'ஃபாரின் அண்ட் காலனியல் கவர்ன்மெண்ட் டிரஸ்ட்' என்று ஒன்று தொடங்கினார்கள். பல நாட்டு அரசாங்கங்களின் கடன் பத்திரங்களை வாங்கி வைத்தார்கள். பெரிய முதலாளிக்குக் கிடைக்கும் பாதுகாப்பு நடுத்தர ஆளுக்கும் கிடைக்கட்டும் என்பதே நோக்கம். இன்று நாம் பார்க்கும் மாதிரியான மியூச்சுவல் ஃபண்டு 1924-ல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் பிறந்தது. நம் நாட்டில் யூனிட் டிரஸ்ட் 1964-ல் தன் முதல் திட்டத்தை விற்றது.

ஐம்பது லட்சம் டாலர் வாசல்

ஒரு உண்மையான உதாரணம் பார்ப்போம். அமெரிக்காவில் வேன்கார்டு என்ற நிறுவனத்தை ஜான் போகிள் என்பவர் 1975-ல் தொடங்கினார். அந்த நிறுவனம் 1996-ல் 'டோட்டல் இன்டர்நேஷனல் ஸ்டாக் இண்டெக்ஸ் ஃபண்டு' என்பதை ஆரம்பித்தது. அமெரிக்காவைத் தவிர மற்ற நாடுகளின் பங்குகளை வாங்குவதே அதன் வேலை. ஜப்பான், பிரிட்டன், சீனா, கனடா, தைவான், இந்தியா என்று பல நாடுகளில் எட்டாயிரத்துக்கும் அதிகமான பங்குகள் அதில் உள்ளன.

இதில் எந்தக் கம்பெனி நல்லது என்று யாரும் உட்கார்ந்து தேர்ந்தெடுப்பதில்லை. ஒரு குறியீட்டுப் பட்டியல் இருக்கும். சந்தை மதிப்பு பெரிதாக உள்ள கம்பெனியை அதிகமாகவும், சிறிதாக உள்ளதைக் குறைவாகவும் அந்தப் பட்டியல்படியே வாங்கி வைப்பார்கள். அதனால் செலவு குறைவு.

இந்த ஒரே ஃபண்டுக்குப் பல வாசல்கள் உண்டு. உள்ளே இருக்கும் பங்குகள் ஒன்றுதான், வாசல்தான் வேறு. தனி ஆள் 3,000 டாலருடன் ஒரு வாசலில் நுழையலாம். இன்னொரு வாசலின் பெயர்தான் 'இன்ஸ்டிடியூஷனல்', அதாவது நிறுவனப் பிரிவு. அதற்குக் குறைந்தபட்சம் ஐம்பது லட்சம் டாலர் வேண்டும். நம் பணத்தில் 40 கோடி ரூபாய்க்கும் மேல்! பெரிய தொகை ஒரே கணக்கில் வருவதால் கணக்கு எழுதும் செலவு குறைகிறது. எனவே அங்கே பிடித்துக்கொள்ளும் கட்டணமும் குறைவு. அவ்வளவுதான் ரகசியம். ஒரே நாளில் இரட்டிப்பாகும் மந்திரம் எதுவும் அந்த வாசலுக்குள் இல்லை.

அப்படியானால் இது கோடீஸ்வரர்களுக்கு மட்டும்தானா? இல்லை நண்பர்களே, இங்கேதான் எனக்கு ஆச்சரியம். அங்கே 401-கே என்று ஓய்வுக்காலச் சேமிப்புத் திட்டம் இருக்கிறது. கம்பெனி தன் தொழிலாளர்களின் சம்பளத்தில் பிடித்து, எல்லோர் பணத்தையும் ஒரே திட்டமாகப் போடும்போது ஐம்பது லட்சம் டாலர் வாசல் திறந்துவிடும். லேத் ஓட்டும் ஒரு தொழிலாளி தனியாகப் போனால் திறக்காத கதவு, ஆயிரம் பேர் சேர்ந்து போனால் திறக்கிறது.

அந்தப் பணத்தில் ஒரு சிறு துளி நம் ஊர்ப்பக்கமும் வருகிறது. டைட்டன், டி.வி.எஸ். மோட்டார், அசோக் லேலண்ட் பங்குகளும் அந்த ஃபண்டில் உண்டு. மூன்றுக்கும் ஓசூரில் தொழிற்சாலை உண்டு. எங்கோ இருக்கும் ஒரு அமெரிக்கத் தொழிலாளியின் ஓய்வுக்காலப் பணம், நாம் கேம்பஸ் இண்டர்வியூவுக்கு ஆசைப்படும் ஷாப்ஃப்ளோரோடு கட்டப்பட்டிருக்கிறது.

உராய்வு இழப்பு

ஒரு சதவீதக் கட்டணம் என்ன பெரிய விஷயம் என்று நானும் நினைத்தேன். கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு லட்சம் ரூபாய், ஆண்டுக்கு 8 சதவீத வளர்ச்சி, 40 ஆண்டுகள் என்று உதாரணத்துக்கு வைத்துக்கொள்வோம். (நிஜத்தில் வருஷா வருஷம் ஒரே மாதிரி வராது.)

ஆண்டுக் கட்டணம் 0.1 சதவீதம் என்றால் முடிவில் சுமார் 20.9 லட்சம்.
கட்டணம் 1 சதவீதம் என்றால் சுமார் 15 லட்சம்.
கட்டணம் 2 சதவீதம் என்றால் சுமார் 10.3 லட்சம்.

பாதிக்குப் பாதி போயே போச்சு! பேரிங்கில் கிரீஸ் போடாமல் மெஷினை ஓட்டினால் மோட்டார் கொடுத்த பவர் உராய்விலேயே தீர்ந்துபோகும் அல்லவா? அது மாதிரிதான். சந்தை ஏறுமா இறங்குமா என்பது நம் கையில் இல்லை. கட்டணம் எவ்வளவு என்பதை மட்டும் முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

ஏன் அடுத்த நாடு?

உள்ளூரில் இல்லாத பங்கா, எதற்கு வெளிநாடு என்று கேட்கலாம். அதற்கு ஜப்பான்தான் பாடம். 1989 டிசம்பர் 29 அன்று டோக்கியோவின் நிக்கே குறியீடு 38,915 புள்ளிகளில் முடிந்தது. அதன்பின் சரிந்தது சரிந்ததுதான். மறுபடி அந்த உயரத்தைத் தாண்டிய நாள் 2024 பிப்ரவரி 22. நம் வயதில், 18-ல், உச்ச விலைக்குப் பங்கு வாங்கிய ஒரு ஜப்பானிய மாணவர், குறியீடு பழைய இடத்துக்கு வருவதற்குள் 52 வயதாகியிருப்பார். இத்தனைக்கும் ஜப்பான் தொழிலில் சோடை போன நாடு அல்ல. நம் லேபில் இருக்கும் மைக்ரோமீட்டரில் என்ன பெயர் போட்டிருக்கிறது என்று பாருங்கள்!

கிரேனில் கட்டும் ஒயர் ரோப்பில் பல இழைகள் இருப்பது எதற்கு? ஒரு இழை அறுந்தாலும் பாரம் கீழே விழக்கூடாது என்பதற்காக. பல நாட்டுப் பங்கு வைப்பதும் அதற்காகத்தான். ஆனால் ரோப் முழுவதும் சூடாகிவிட்டால் எல்லா இழையும் ஒன்றாகவே பலம் இழக்கும். 2008-ல் அப்படித்தான் உலகச் சந்தைகள் எல்லாம் சேர்ந்து விழுந்தன. அதையும் மறக்கக்கூடாது.

இதில் பெரியவர்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு உண்டு. வேன்கார்டை நிறுவிய போகிளே, அமெரிக்கர்களுக்கு வெளிநாட்டுப் பங்கு அவசியமில்லை, வைத்தாலும் 20 சதவீதத்தைத் தாண்ட வேண்டாம் என்று சொல்லிவந்தார். 2010-க்குப் பிந்தைய பத்தாண்டில் அமெரிக்கப் பங்குகள்தான் முந்தின. ஆனால் 2000 முதல் 2009 வரையிலான பத்தாண்டில் அதே அமெரிக்கப் பங்குகள் நஷ்டம் கொடுத்தன. எந்தப் பத்தாண்டு எந்த நாட்டுக்கு என்று யாருக்கும் தெரியாது. தெரியும் என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுவது நல்லது.

இரண்டு விலை

வெளிநாட்டுப் பங்குக்கு விலை ஒன்றல்ல, இரண்டு. பங்கின் விலை ஒன்று, அந்த நாட்டுப் பணத்தின் விலை இன்னொன்று. டாலர் 80 ரூபாய் இருக்கும்போது 100 டாலர் பங்கு வாங்கினால் நமக்கு 8,000 ரூபாய். பங்கு 110 டாலராக ஏறி, டாலர் 72 ரூபாயாக இறங்கினால் 7,920 தான். பங்கு ஏறியும் நஷ்டம்! பங்கு 90 டாலராக இறங்கி, டாலர் 88 ரூபாயாக ஏறினாலும் அதே 7,920 தான். பத்து சதவீதம் விழுந்தும் அடி பெரிதாகத் தெரியாது.

நம் நாட்டில் நிலைமை

நம் நாட்டு மியூச்சுவல் ஃபண்டுகள் மூலமும் ரூபாயிலேயே வெளிநாட்டுப் பங்குகளில் சேரலாம். ஆனால் எல்லா ஃபண்டுகளும் சேர்ந்து வெளியே கொண்டுபோகும் பணத்துக்கு 700 கோடி டாலர் என்று உச்சவரம்பு வைத்தார்கள். 2022 தொடக்கத்தில் அந்த வரம்பை நெருங்கியதும் புதுப் பணம் வாங்குவதை நிறுத்தச் சொன்னது செபி. பின்னர் அதே ஆண்டு ஜூனில், வரம்புக்குள் இடம் இருக்கும் அளவுக்கு அனுமதித்தது. இவற்றில் சேர நினைப்பவர், திட்டம் திறந்திருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும்.

நமக்கு ஐம்பது லட்சம் டாலர் வாசல் இல்லை. ஆனால் ஒரு சின்ன வாசல் உண்டு. 2013 ஜனவரி முதல் ஒவ்வொரு திட்டத்திலும் 'டைரக்ட்' பிரிவு வைக்க வேண்டும் என்று செபி கட்டாயமாக்கியது. ஏஜெண்ட் கமிஷன் அதில் கிடையாது, அதனால் கட்டணம் குறைவு. இன்னொன்று, நாளை நாம் வேலைக்குப் போனதும் பிடிக்கப்போகும் பி.எஃப். பணத்திலும் ஒரு பகுதி 2015 முதல் குறியீட்டு ஃபண்டுகள் வழியாகப் பங்குகளுக்குப் போகிறது. அது வெளிநாட்டுக்குப் போவதில்லை, இந்தியப் பங்குகளுக்குத்தான். ஆனால் ஆயிரம் பேர் சேர்ந்து போகும் முறை அதேதான்.

இப்போது என் ஹாஸ்டல் நண்பர் விஷயத்துக்கு வருகிறேன். 2024 பிப்ரவரியில் செபி பகிரங்கமாக எச்சரித்திருக்கிறது. வெளிநாட்டுப் போர்ட்ஃபோலியோ முதலீட்டாளர் வழி, சில விதிவிலக்குகள் தவிர, இந்தியாவில் குடியிருப்பவர்களுக்குக் கிடையாது, பங்கு வர்த்தகத்தில் 'இன்ஸ்டிடியூஷனல் அக்கவுண்ட்' என்று எதுவும் தனி ஆளுக்குத் தரப்படுவதில்லை என்று அதில் உள்ளது. இந்த ஒரு வரி முன்னாடியே தெரிந்திருந்தால் அவருடைய ஆறாயிரம் போயிருக்காது.

அம்மா கேட்ட கேள்வி

இதையெல்லாம் லீவில் வீட்டுக்குப் போனபோது அம்மாவிடம் சொன்னேன். கேட்டுவிட்டு, "அதெல்லாம் சரி சாமி, சாவி யாருகிட்ட இருக்கும்?" என்றார்.

என்ன கேள்வி பாருங்கள்! மூன்று வருஷம் படித்தவன் கடைசியாக வந்து சேரும் இடத்துக்கு அம்மா முதலிலேயே வந்துவிட்டார். முறையான மியூச்சுவல் ஃபண்டில் எதை வாங்குவது, விற்பது என்று முடிவு செய்யும் நிறுவனத்தின் கையில் சொத்து இருக்காது. பங்குகளைப் பத்திரமாக வைத்திருப்பவர் கஸ்டோடியன் என்ற இன்னொருவர். யூனிட் வைத்திருப்பவர்களின் சார்பில் மேற்பார்வை செய்ய டிரஸ்டிகள் உண்டு. நம் நாட்டில் 1996-ல் வந்த செபி விதிமுறைகள் இந்த ஏற்பாட்டை வகுத்தன. அமெரிக்காவில் 1940-ஆம் ஆண்டுச் சட்டமே ஃபண்டின் சொத்துகள் முறையான காப்பில் இருக்க வேண்டும் என்கிறது. அப்பா பணம் கட்டிய இடத்தில் பணம் வாங்கியவர், வைத்திருந்தவர், கணக்கு எழுதியவர் எல்லாம் ஒரே ஆள்தான்.

"அப்போ தூக்கிட்டு ஓட முடியாது. ஆனா விலை எறங்கினா கொறஞ்சு போகும். அப்படித்தானே?" என்றார் அம்மா.

"ஆமாம்மா. பாதியாகக்கூடப் போகலாம். உடனே தேவைப்படற பணத்தை அதுல போடவே கூடாது."

"சரி, முதல்ல உன் பரீட்சை ஃபீஸைக் கட்டு" என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டார்.

நண்பர்களே, முதலீடு செய்ய என்னிடம் இப்போது பணம் இல்லை. உங்களில் பலரிடமும் இருக்காது. ஆனால் முதல் சம்பளம் வாங்கும் நாளிலேயே யாராவது வந்து கதவைத் தட்டுவார்கள். அன்று நான்கு கேள்வி கேளுங்கள். சாவி யாரிடம் இருக்கிறது? வருஷத்துக்கு எத்தனை சதவீதம் பிடிப்பீர்கள்? நான் கேட்டால் எத்தனை நாளில் பணம் திரும்ப வரும்? செபியில் உங்கள் பதிவு எண் என்ன? நான்கில் ஒன்றுக்கு மழுப்பினாலும் பணத்தைப் பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுங்கள்.