குழுவுக்கும் மூளைக்கும் என்ன சம்பந்தம்?



சேமிப்பு, உள்கடன், கணக்குப் புத்தகம் பற்றியெல்லாம் நிறையப் பேசியிருக்கிறோம். இந்த மாதப் பாடம் கொஞ்சம் வேற மாதிரி. “கூட்டத்துக்குப் போயிட்டு வந்தா மனசு லேசாயிடுது” என்று அக்காமார்கள் சொல்லிப் பல ஊர்களில் கேட்டிருக்கிறோம். அது வெறும் பேச்சு இல்லை. உடம்புக்குள் உண்மையாகவே நடக்கிற மாற்றம். எப்படின்னு பார்ப்போம்.

கவலை வந்தால் உடம்பில் என்ன நடக்குது?

“நாளைக்குத் தவணை, கையில காசு இல்லை.” இப்படி நினைத்ததுமே நெஞ்சு படபடக்குது, ராத்திரி தூக்கம் வருவதில்லை. மூளை இதை ஒரு ஆபத்தாக எடுத்துக்கொள்கிறது. உடனே சிறுநீரகத்தின் மேல் தொப்பி போல உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிக்குச் செய்தி போகிறது. அது கார்டிசால் என்ற ரசாயனத்தை ரத்தத்தில் விடுகிறது. அவசரத்துக்கு இது நல்லதுதான். ஆனால் மாதக்கணக்கில் கவலை ஓயாமல் இருந்தால் தூக்கம் கெடும், ரத்த அழுத்தமும் சர்க்கரையும் ஏறலாம்.

பக்கத்தில் ஆள் இருந்தால்?

ஆக்ஸிடோசின் என்று இன்னொரு ரசாயனம் இருக்கிறது. பெயர் புதுசு, வேலை நமக்குப் பழக்கம். பிரசவத்தில் கர்ப்பப்பையைச் சுருங்க வைப்பதும், பிள்ளை வாய் வைத்ததும் பாலை இறங்க வைப்பதும் இதுதான். நம்பிக்கையானவர்கள் பக்கத்தில் இருக்கும்போது மனசின் பதற்றம் குறையவும் இது உதவுகிறது என்கிறார்கள் ஆராய்ச்சியாளர்கள். சேர்ந்து சிரிக்கும்போதும் பாடும்போதும் எண்டார்பின் சுரக்கிறது. அது உடம்பே தயாரிக்கும் வலி மாத்திரை. நடவு வயலில் பாட்டுப் பாடினால் இடுப்பு வலி தெரியாமல் போவது இதனால்தான்.

2006-ல் அமெரிக்காவில் ஒரு ஆராய்ச்சி வெளிவந்தது. 16 பெண்களிடம், “லேசாக மின்சார அதிர்ச்சி கொடுக்கப் போகிறோம்” என்று சொல்லி, மூளையை ஸ்கேன் எடுத்துப் பார்த்தார்கள். தனியாக இருந்தபோது பயம் அதிகம். முன்பின் தெரியாத ஒருவர் கையைப் பிடித்தபோது கொஞ்சம் குறைந்தது. கணவர் கையைப் பிடித்தபோது நன்றாகவே குறைந்தது. அதிலும் கணவன் மனைவி ஒற்றுமையாக இருந்தவர்களுக்குப் பலன் அதிகம்.

அதே குழு காயமும் படுத்தும்

இதைத்தான் நாம் மறந்துவிடுகிறோம். 2003-ல் இன்னொரு ஆராய்ச்சி. கம்ப்யூட்டரில் மூன்று பேர் பந்து போடும் விளையாட்டு. நடுவில் ஒருவருக்கு மட்டும் பந்து போடுவதை நிறுத்திவிட்டார்கள். அவர் மூளையில், உடம்பு வலிக்கும்போது வேலை செய்கிற ஒரு பகுதி வேலை செய்தது. சாதாரண விளையாட்டுக்கே இப்படி என்றால், சொந்தக் குழு ஒதுக்கினால் எப்படி வலிக்கும்?

இரண்டு தவணை தவறிய தோழியை யோசித்துப் பாருங்கள். எல்லார் முன்னாலும் பெயர் சொல்லிக் கேட்கிறோம். நாலு பேராக வீட்டு வாசலில் போய் நிற்கிறோம். அடுத்த வாரம் அவர் கூட்டத்துக்கு வருவதில்லை. “ஏமாத்தப் பாக்குறா” என்கிறோம். உண்மையில், கவலை அதிகமான நேரத்தில் அதைக் குறைக்கும் மருந்தும் அவருக்கு இல்லாமல் போகிறது. 2010-ல் ஆந்திராவில் நுண்கடன் நிறுவனங்களின் வசூல் நெருக்கடியும், கடன் வாங்கியவர்களின் தற்கொலைகளும் பெரிய பிரச்சினையாகி, மாநில அரசு அவசரச் சட்டம் கொண்டுவர வேண்டியதாயிற்று. நம் குழு அப்படிப்பட்ட வசூல்காரராக மாறக்கூடாது.

நாம் என்ன செய்யலாம்?

1. தொடர்ந்து இரண்டு கூட்டம் வராதவரை, அவருக்கு நெருக்கமான ஒருவர் மட்டும் போய்ப் பார்க்கட்டும். முதல் கேள்வி “சாப்பிட்டியா?” என்று இருக்கட்டும். கடன் பேச்சு பிறகு.

2. தவணை விஷயத்தை ஊக்குநரும் பிரதிநிதியும் தனியாகப் பேசட்டும். தள்ளுபடி செய்யச் சொல்லவில்லை. அது எல்லாருடைய பணம். தவணையைக் குறைத்து, காலத்தை நீட்டி, தீர்மானம் எழுதலாம்.

3. கூட்டத்தில் முதல் பத்து நிமிஷம் கணக்கு நோட்டைத் திறக்க வேண்டாம். நலம் விசாரியுங்கள், ஒரு பாட்டுப் பாடுங்கள்.

4. இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமில்லை, எதிலும் பிடிப்பில்லை, “இருந்து என்ன பிரயோஜனம்” என்று ஒருவர் பேசினால், குழுவின் ஆறுதல் மட்டும் போதாது. அவரைத் தனியாக விடாதீர்கள். அரசு மருத்துவமனை மனநல மருத்துவரிடம் கூட்டிக்கொண்டு போங்கள். டெலி மானஸ் 14416 என்ற எண்ணில் 24 மணி நேரமும் இலவசமாகத் தமிழில் பேசலாம்.

குழுவில் பேச வேண்டிய கேள்விகள்

* கடந்த மூன்று மாதத்தில் நம் குழுவில் கூட்டத்துக்கு வராமல் நின்றுபோனவர் யார்? ஏன் என்று யாராவது கேட்டோமா?
* தவணை தவறியவரிடம் பேச நம் குழுவில் என்ன முறை இருக்கிறது?
* அடுத்த கூட்டத்துக்கு முன்னால் அவர் வீட்டுக்கு யார் போகப் போகிறீர்கள்? பெயரைத் தீர்மானித்துவிட்டே கூட்டத்தை முடியுங்கள்.