கோர் பல இருந்தால் வேகம் பெருகுமா?

கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில் தீபாவளி போனஸ் கிடைத்ததும் எங்கள் பகுதியின் பல வீடுகளில் எழும் கேள்வி, "பிள்ளைகளின் படிப்புக்குக் கணிப்பொறி வாங்கலாமா?" என்பதாகும். கடைக்குச் சென்றால் நான்கு கோர், எட்டு கோர், பதினாறு கோர் என்று அடுக்குகிறார்கள். கோர் கூடினால் விலையும் கூடுகிறது. பெற்றோர் ஷிப்டு பார்த்துச் சேர்த்த பணம் அல்லவா? ஆகவே கோர் என்றால் என்ன, அதன் பயன் எவ்வளவு என்று நாம் ஆராய்வோம்.

கணிப்பொறியின் மூளை போன்றது செயலி. அது ஒரு சிறிய சிலிக்கன் சில்லு. 1971-இல் அமெரிக்காவின் இன்டெல் நிறுவனம் 4004 என்னும் செயலியை வெளியிட்டது. அதில் சுமார் 2300 டிரான்சிஸ்டர்கள் இருந்தன. 1969-இல் தொடங்கிய ஏ.எம்.டி. நிறுவனம் பின்னர் இன்டெலுக்குப் போட்டியாக வளர்ந்தது. யாருடைய செயலி வேகமாகத் துடிக்கும் என்பதே நெடுங்காலம் போட்டியாக இருந்தது. ஆனால் துடிப்பு கூடக் கூடச் சில்லு அளவுக்கு மீறிச் சூடாயிற்று. எனவே ஒரு மூளையை மேலும் விரட்டாமல், ஒரே சில்லில் இரண்டு மூளைகளை வைத்தனர். ஐ.பி.எம். நிறுவனம் 2001-இல் பவர்4 செயலியில் இதைச் செய்தது. 2005-இல் இன்டெலும் ஏ.எம்.டி.யும் வீட்டுக் கணிப்பொறிக்கும் கொண்டுவந்தன. இம்மூளை ஒவ்வொன்றும் ஒரு 'கோர்'.

போட்டியால் வாங்குவோருக்கு நன்மையே. வீட்டுக் கணிப்பொறிக்கான இன்டெலின் வழக்கமான செயலிகள் பல ஆண்டுகள் நான்கு கோரைத் தாண்டவில்லை. 2017-இல் ஏ.எம்.டி. எட்டு கோர் கொண்ட ரைசன் செயலியை வெளியிட்டது. அவ்வாண்டிலேயே இன்டெலும் ஆறு கோருக்கு உயர்ந்தது.

அப்படியானால் எட்டு கோர் எட்டு மடங்கு வேகம் தருமா? ஆண்டு விழாவுக்கு வண்ணத்தாள் தோரணம் செய்வதாக எண்ணுங்கள். ஒருத்தியே செய்தால் பத்து மணி நேரம். அதில் தாளை வெட்டி ஒட்ட ஒன்பது மணி. இதைப் பலர் பகிரலாம். ஒரே கயிற்றில் வரிசையாகக் கோக்க ஒரு மணி. இதைப் பகிர முடியாது. ஒன்பது பேர் கூடினால் இரண்டு மணியில் முடியும். தொண்ணூறு பேர் கூடினாலும் ஒரு மணி ஆறு நிமிடம் ஆகும். ஒரு மணிக்குக் கீழே குறையவே குறையாது. கணிப்பொறிக்கும் இதுவே விதி என்பதை 1967-இல் ஜீன் ஆம்டால் என்னும் அறிஞர் எடுத்துரைத்தார்.

வானிலைக் கணிப்பு, திரைப்பட வரைகலை போன்றவற்றைப் பல கூறாகப் பிரிக்கலாம். அங்கே கோர் பல தேவை. கட்டுரை தட்டச்சு செய்யவும் பாடக் காணொளி பார்க்கவும் நான்கு கோர் போதும். நினைவகம் குறைவாக இருந்தால் கோர் எத்தனை இருந்தும் கணிப்பொறி தடுமாறும்.

தேவைக்கு ஏற்ற சில்லு என்பதற்கு நம் அருகிலேயே சான்று உண்டு. சென்னை ஐ.ஐ.டி.யின் 'சக்தி' திட்டத்தில் சிறு கருவிகளுக்கு ஒரு வகை, பெரும் கணிப்பொறிகளுக்குப் பல கோர் கொண்ட வேறு வகை எனச் செயலிகளை வகுத்துள்ளனர். 2025-இல் இஸ்ரோவுடன் சேர்ந்து விண்வெளிப் பணிக்கான 'ஐரிஸ்' சில்லையும் அவர்கள் உருவாக்கினர்.

ஆகவே தோழியரே, கடையில் "எத்தனை கோர்?" என்று கேட்கும் முன், "நமக்கு என்ன வேலை?" என்று வீட்டில் கேட்போம். கூடி வாழ்ந்தால் கோடி நன்மைதான். கோர்களுக்கோ, பகிர்ந்து செய்ய வேலை இருந்தால்தான் அந்த நன்மை!