வாக்குக்கு முன் விளக்கம்

நுழையும்முன்
வாக்களிப்பது உரிமை, எதற்கு வாக்களிக்கிறோம் என அறிவது அவ்வுரிமைக்கு உயிர். அவ்வறிவு மக்களை எவ்வாறு வந்தடைகிறது என்பதை இப்பாடம் ஆராய்கிறது.

ஆள்வோரைத் தெரிவு செய்வது தேர்தல். ஒரு வினாவுக்கு மக்களே விடையளிப்பது பொதுவாக்கெடுப்பு. தேர்தலில் செய்த தெரிவை அடுத்த தேர்தலில் மாற்றிக்கொள்ளலாம். நிலப்பகுதியின் இணைப்பைத் தீர்மானிக்கும் வாக்கெடுப்போ தலைமுறைகளைக் கட்டுப்படுத்தும். எனவே, வினாவின் பொருளும் விடையின் விளைவும் முன்னரே விளங்கியிருத்தல் வேண்டும்.

நாடு முழுவதற்குமான பொதுவாக்கெடுப்புக்கு நம் அரசமைப்பு வழிவகை செய்யவில்லை. எனினும், சில பகுதிகளின் எதிர்காலம் வாக்கெடுப்பால் முடிவாகியுள்ளது. 1954 அக்டோபர் 18 அன்று கீழூரில், பிரெஞ்சிந்தியப் பகுதிகளின் இணைப்பு குறித்து வாக்களித்த 178 மக்கள் பிரதிநிதிகளுள் 170 பேர் அதனை ஆதரித்தனர்.

கோவாவில் மக்களே நேரில் வாக்களித்தனர். மகாராட்டிரத்துடன் இணைவதா, ஒன்றியப் பகுதியாக நீடிப்பதா என்பது 1967 சனவரி 16 அன்று அவர்கள் முன்னிருந்த வினா. எழுத்தறியாதாரும் வேறுபாடு உணர, இணைப்புக்கு மலரும் தனித்து நீடிப்பதற்கு இரண்டு இலைகளும் சின்னங்களாயின. இணைப்பை விரும்பிய முதலமைச்சர் பந்தோத்கரின் அமைச்சரவை, வாக்கெடுப்பு நடுநிலையோடு நடைபெறும் பொருட்டு முன்னதாகவே பதவி விலகியது. இணைப்பை எதிர்த்த 'ராஷ்டிரமத்' நாளிதழ் மராத்தியிலேயே வெளிவந்து, மாற்றுக் கருத்துடையோரிடமும் தன் வாதத்தைக் கொண்டு சேர்த்தது. நீடிப்பதற்கு 1,72,191 வாக்குகளும் இணைப்புக்கு 1,38,170 வாக்குகளும் கிடைத்தன. சுவிட்சர்லாந்தில் இன்றும் வாக்கெடுப்புக்கு முன் அரசின் நிலைப்பாட்டையும் எதிர்ப்போர் வாதத்தையும் தாங்கிய கையேடு வாக்காளரைச் சென்றடைகிறது.

விளக்கம் என்ற பெயரில் பொய்யும் பரவக்கூடும். அதனைத் தடுக்கும் பொறுப்பில் அச்சகங்களுக்கும் பங்குண்டு. பட்டாசுக்கும் அச்சுத்தொழிலுக்கும் பெயர்பெற்ற சிவகாசி இதனை நன்கறியும். 1951ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், பிரிவு 127அ-இன்படி, தேர்தல் சுவரொட்டியிலும் துண்டறிக்கையிலும் அச்சிட்டவர், வெளியிடுபவர் ஆகியோரின் பெயரும் முகவரியும் இடம்பெறுதல் கட்டாயம். வெளியிடுபவர் தம்மை அறிந்த இருவரின் சான்றொப்பத்துடன் உறுதிமொழி தர வேண்டும். அதன் படியும் அச்சிட்ட தாளும் உரிய அலுவலரைச் சென்றடைய வேண்டும். மீறினால் ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டாயிரம் ரூபாய் வரை தண்டமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். பெரிய எழுத்து வாக்குறுதியைச் சொல்லும். அதற்குப் பொறுப்பானவர் யார் என்பதைச் சிற்றெழுத்தே சொல்லும்.

நமக்கு மிக அருகில் உள்ள நேரடி மக்களாட்சி கிராமசபை. ஊராட்சியின் வாக்காளர் அனைவரும் அதன் உறுப்பினர். குடிநீர், சாலை, தெருவிளக்கு குறித்த தீர்மானங்கள் அங்கே நிறைவேறுகின்றன. தீர்மானம் படிக்கப்படும் முன்னரே பதிவேட்டில் கையொப்பமிட்டுத் திரும்புபவர், தாம் அறியாத ஒன்றுக்குத் தம் பெயரைக் கொடுத்துவிடுகிறார். பட்டாசு ஆலையின் எச்சரிக்கைப் பலகையைப் படித்து நடப்பவர் தம்மோடு உடன் உழைப்போரையும் காக்கிறார். வாக்காளரின் விழிப்பும் அத்தகையதே. ஈராண்டுகளில் வாக்காளராகவிருக்கும் நீங்கள், இன்றே உங்கள் வீட்டுப் பெரியோருக்குத் தீர்மானங்களைப் படித்துக்காட்டலாம்.

கற்பவை கற்றபின்
1. தேர்தலையும் பொதுவாக்கெடுப்பையும் வேறுபடுத்துக.
2. உங்கள் ஊர்க் கிராமசபைத் தீர்மானம் ஒன்றை, ஆதரவும் எதிர்ப்பும் புலப்படுமாறு எளிய தமிழில் விளக்கித் துண்டறிக்கை எழுதுக.